ஸ்கேனுக்கு முன்னால் ஒரு டார்ச்

கண் நரம்பு நோய்களைப் பரிசோதனையாலும் படங்களாலும் கண்டறிவது பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். நான் அன்றாடம் செய்துவரும் வேலையே அதுதான் என்பதால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

எங்கள் பிரிவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு வருவதில்லை. பை நிறைய ஃபிலிம்களும் ரிப்போர்ட்டுகளும் இருக்கும். சிலர் நகையை அடகு வைத்து எடுத்த ஸ்கேனைக் கொண்டுவருவார்கள். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்க டாக்டர். ஆனா பார்வை மட்டும் நாளுக்கு நாள் மங்கிக்கிட்டே வருது" என்பார்கள். அந்த ரிப்போர்ட்டில் பொய் எதுவும் இருக்காது. மூளையைப் பார்க்கச் சொன்னார்கள், மூளையைப் பார்த்தார்கள். நோய் இருந்ததோ கண்ணுக்குப் பின்னால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, நரம்பில். அங்கே பார்க்கும்படி சீட்டில் யாரும் எழுதவில்லை. ஸ்கேன் எத்தனை நுட்பமானதானாலும் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேள்வி என்ன என்பதை முடிவு செய்வது டார்ச், விரல், கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் ஆஃப்தல்மாஸ்கோப், நோயாளியிடம் பொறுமையாகப் பேசும் சில நிமிடங்கள். இன்று நான் வலியுறுத்த வந்தது இதைத்தான்.

முதலில் உடற்கூறு கொஞ்சம். பார்வை நரம்பு ஒவ்வொன்றிலும் 10 முதல் 12 லட்சம் இழைகள் இருக்கின்றன. நீளம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். அதில் கண்ணுக்குள் இருப்பது 1 மில்லிமீட்டர் மட்டும். கண்குழியில் கொழுப்பின் நடுவே சற்று வளைந்து வந்து, குறுகிய எலும்புக் குழல் ஒன்றைக் கடந்து, மண்டையோட்டுக்குள் நுழைகிறது. அங்கே பிட்யூட்டரிச் சுரப்பிக்கு மேலே இரு நரம்புகளும் சந்திக்கின்றன. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் வரும் இழைகளில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவை அந்தச் சந்திப்பில் மறுபக்கம் தாவுகின்றன. பிறகு பயணம் தொடர்ந்து பின்மண்டையில் முடிகிறது. பெயரில் நரம்பு என்றாலும் இது மூளையின் ஒரு பகுதியே. மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளும், மூளையைச் சூழ்ந்த நீரும் இந்த நரம்போடு கண்ணின் பின்சுவர் வரை வருகின்றன. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் கண்ணுக்குள் தெரிவது இதனால்தான். அறுந்தாலோ அழிந்தாலோ இது மறுபடி வளராது. கண்ணை அசைக்கும் மூன்றாம், நான்காம், ஆறாம் நரம்புகள் தனி வழியில் வருகின்றன. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

விசாரிப்பதில் எனக்கு மிக முக்கியமான கேள்வி, பார்வை எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பது. ஒரே நாளில் போனது என்றால் ரத்த ஓட்டத்தைச் சந்தேகிக்கிறோம். சில நாட்களில் படிப்படியாக, கண்ணை அசைத்தால் வலியோடு குறைந்தது என்றால் நரம்பு அழற்சி. மாதக்கணக்கில் சத்தமில்லாமல் குறைந்தது என்றால் ஏதோ ஒன்று அழுத்துகிறது. இரு கண்ணும் ஒரே சீராக மங்கினால் மருந்து, மது, சத்துக் குறைவு என்று தேடுகிறோம். இங்கே ஒரு பொறி உண்டு. முகம் துடைக்கும்போது துண்டு ஒரு கண்ணை மறைக்க, மற்றக் கண்ணில் பார்வை இல்லை என்று அன்றுதான் ஒருவருக்குத் தெரியவரும். "நேத்துதான் போச்சு" என்பார். தெரிந்தது நேற்று, போனது எப்போதோ. இந்த இரண்டையும் பிரித்துக் கேட்காவிட்டால் மெல்ல வளரும் கட்டிக்கு ரத்தக்குழாய் அடைப்பு என்று பெயர் வைத்துவிடுவோம்.

இரட்டைப் பார்வை என்று வருகிறவரிடம் ஒரு கண்ணை மூடச் சொல்லுங்கள். மூடியும் இரண்டாகவே தெரிந்தால் சிக்கல் பெரும்பாலும் திறந்திருக்கும் கண்ணிலேயே, புரையிலோ கண்ணாடி எண்ணிலோ இருக்கிறது. எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிட்டால் இரு கண்களும் ஒத்துப் போகவில்லை என்று பொருள். அப்போதுதான் நரம்பைத் தேட வேண்டும். பல ஆயிரம் ரூபாய் ஸ்கேன் வேண்டுமா வேண்டாமா என்பதை இந்த ஒரு கேள்வி தீர்த்துவைக்கும்.

இனி டார்ச்சுக்கு வருகிறேன். மாணவர்கள் இதைக் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும். அறை விளக்கை மங்கலாக்குங்கள். நோயாளியைத் தூரத்துச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் அருகே பார்க்கும் முயற்சியிலேயே கண்மணி சுருங்கிவிடும். நல்ல வெளிச்சமுள்ள டார்ச்சைச் சற்றுக் கீழிருந்து வலக்கண்ணில் காட்டி, மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். மூக்கைத் தாண்டி விரைவாக இடக்கண்ணுக்கு நகர்த்தி அங்கேயும் மூன்று எண்ணுங்கள். மறுபடி வலது, மறுபடி இடது. இரு கண்மணிகளும் எப்போதும் ஒன்றாகவே சுருங்கும், ஒன்றாகவே விரியும். எந்தக் கண்ணில் வெளிச்சம் விழுந்தாலும் மூளை இரண்டுக்கும் ஒரே ஆணைதான் அனுப்புகிறது. ஆகவே இரு நரம்புகளும் நலமாக இருந்தால் டார்ச் மாறும்போது கண்மணியில் பெரிய மாற்றம் இருக்காது. இட நரம்பு பழுதென்றால் வலக்கண்ணில் காட்டும்போது இரண்டும் நன்றாகச் சுருங்கும். டார்ச் இடப்பக்கம் போனதும், வெளிச்சம் நேரே விழுந்துகொண்டிருக்கும்போதே, இடக்கண்மணி விரியும். வெளிச்சத்தில் விரிகிற கண்மணியை முதன்முறை பார்க்கும் மாணவரின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தவர் வாழ்நாளில் மறப்பதில்லை.

இந்தக் குறியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்தவர் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையின் மார்கஸ் கன். டார்ச்சை இப்படி மாற்றி மாற்றிக் காட்டும் முறையை 1959இல் லெவாட்டின் எழுதினார். கண்புரை எத்தனை முற்றியிருந்தாலும் இந்தக் குறியைத் தராது. ஒரு கண்ணில் புரையும் இருந்து இந்தக் குறியும் இருந்தால், புரை அறுவை செய்தாலும் பார்வை முழுதாகத் திரும்பாது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நோயாளி தன் பார்வை பற்றி எதுவும் சொல்லாமலே, மயக்கத்தில் இருந்தாலும்கூட, நரம்பு தானே சாட்சி சொல்லும் பரிசோதனை இது. ஒரே ஒரு வரம்பு உண்டு. இரு நரம்புகளும் சம அளவில் பழுதாகியிருந்தால் ஒப்பிட ஆளில்லாமல் குறி மறைந்துவிடும்.

இவ்வளவு பெறுமானமுள்ள பரிசோதனையை நம் மருத்துவமனைகள் தினந்தோறும் தாமே அழித்துவருகின்றன என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். கூட்டம் அதிகம். அதனால் டாக்டரிடம் வருவதற்கு முன்பே, பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, எல்லோருக்கும் சொட்டு மருந்து விட்டுவிடுகிறார்கள். கண்மணி விரிந்துவிட்டது, நரம்பின் சாட்சியம் அன்றைக்குப் போய்விட்டது. சொட்டு விடும் செவிலியருக்கே டார்ச் பரிசோதனையைக் கற்றுக்கொடுத்தால் போதும். சீட்டின் ஓரத்தில் ஒரு குறி போட்டுவிட்டுச் சொட்டு விடலாம். இதற்குக் கட்டடமோ கருவியோ தேவையில்லை.

அடுத்து நிறம். தண்ணீர் பாட்டிலின் சிவப்பு மூடி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணால் பார்க்கச் சொல்லி, பிறகு மற்றதால். "இந்தக் கண்ணுல வெளுத்த மாதிரி இருக்கு" என்று நோயாளி சொன்னால் அந்த நரம்பைக் கவனிக்க வேண்டும். பார்வைப் பலகையில் கடைசி வரியைப் படித்துவிடுகிறவர்கூட இதில் தடுமாறுவார். ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட நிறப் புள்ளி அட்டைகள் இன்றும் எங்கள் மேசையில் இருக்கின்றன. பிறவி நிறக்குருடைக் கண்டுபிடிக்க அவர் செய்தவை அவை. நரம்பு நோயிலும் நமக்குப் பெரிதும் உதவுகின்றன.

பார்வைப் புலம் என்பது நேரே பார்த்தபடி இருக்கும்போது பக்கங்களில் எவ்வளவு தெரிகிறது என்பது. கம்ப்யூட்டரில் ஃபீல்டு டெஸ்ட் செய்கிறோம். ஆனால் எதிரே உட்கார்ந்து, நோயாளி என் மூக்கைப் பார்த்தபடி இருக்க, நான்கு மூலைகளிலும் விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னாலே பெரிய பழுதுகள் தெரிந்துவிடும். டென்மார்க்கின் பியெர்ரும் என்ற கண் மருத்துவர் தம் அறைக் கதவின் பின்புறத்தையே திரையாக்கிப் புலத்தை அளந்தார். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இழந்த பகுதி நடுவே செங்குத்தாக ஒரு கோடு போட்டாற்போல நிற்கிறதா? நின்றால் நோய் கண்ணில் இல்லை, நரம்புச் சந்திப்பிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. இரு கண்ணிலும் வெளிப்பக்கப் பாதி போயிருந்தால் சந்திப்பை நடுவிலிருந்து ஏதோ அழுத்துகிறது. பெரும்பாலும் பிட்யூட்டரிக் கட்டி. இரு கண்ணிலும் வலப்பாதி போயிருந்தால் மூளையின் இடப்பக்கம். வண்டி ஓட்டும்போது ஒரே பக்கமாக இடித்துக்கொண்டே இருப்பவர்கள், வரியின் முற்பாதியையோ பிற்பாதியையோ விட்டுவிட்டுப் படிப்பவர்கள் இவர்கள்தான்.

பின்மண்டையின் எந்த இடம் புலத்தின் எந்த இடத்தைப் பார்க்கிறது என்ற வரைபடம் கிடைத்த வரலாறு மனதைத் தொடுவது. 1904-05இல் ரஷ்ய-ஜப்பானியப் போர். தலையில் குண்டு பாய்ந்தும் உயிர் பிழைத்த ஜப்பானியச் சிப்பாய்களின் பார்வை இழப்பை அளந்து, ஓய்வூதியம் நிர்ணயிக்க உதவும் பணி தட்சுஜி இனோயே என்ற இளம் கண் மருத்துவருக்கு வந்தது. ரஷ்யத் துப்பாக்கியின் குண்டு சிறியது, வேகமானது. மண்டையைச் சிதைக்காமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. இனோயே நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் அளக்க ஒரு கருவி செய்தார். இரண்டையும் இணைத்துக் குண்டு போன பாதையைக் கணித்தார். ஒவ்வொருவரின் புலத்தையும் அந்தப் பாதையோடு வைத்துப் பார்த்தார். மையப் பார்வை பின்மண்டையின் கடைக்கோடியில் மிகப் பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது, ஓரப் பார்வை அதற்கு முன்னால் இருக்கிறது என்று 1909இல் நூலாக வெளியிட்டார். மூளையைப் படமெடுக்கும் கருவி எதுவும் இல்லாத காலம். முதல் உலகப் போரில் கார்டன் ஹோம்ஸ் இதே வழியில் இன்னும் தெளிவான வரைபடம் தந்தார். இன்று எம்.ஆர்.ஐ.யில் நாம் சரிபார்ப்பது அந்தச் சிப்பாய்களின் காயங்களிலிருந்து கிடைத்த அறிவை.

கண்ணுக்குள் பார்ப்பதற்கு வருவோம். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆஃப்தல்மாஸ்கோப்பை அறிவித்தது 1851இல். அதாவது அந்த மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல், உயிருள்ள கண்ணின் உட்புறத்தை ஒருமுறைகூடப் பார்க்க முடியாமலே மருத்துவர்கள் வைத்தியம் செய்திருக்கிறார்கள். அந்தக் கருவி வந்து பத்தாண்டு ஆவதற்குள், 1860இல், பெர்லினில் ஃபான் கிரேஃபே, மூளைக் கட்டி உள்ளவர்களின் கண்ணில் நரம்புத் தட்டு, அதாவது கண்ணுக்குள் தெரியும் பார்வை நரம்பின் முனை, வீங்கியிருப்பதை எழுதிவிட்டார். உடலைத் திறக்காமல் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருப்பதைக் காண முதல் வழி அதுதான்.

நலமான நரம்புத் தட்டு வெளிறிய ஆரஞ்சு நிறத்தில், ஓரம் தெளிவாக, நடுவே சிறு குழியோடு இருக்கும். ரத்தக்குழாய்கள் அதன் மேல் தடையின்றி ஏறி இறங்கும். பலருக்கு, தட்டின் நடுவே உள்ள சிரைக்குழாய் இதயத் துடிப்போடு மெல்லத் துடிப்பதையும் பார்க்கலாம். அழுத்தம் ஏறும்போது முதலில் அந்தத் துடிப்பு நின்றுபோகும். தட்டின் மேலும் கீழும் ஓரம் கலங்கும். பிறகு வீங்கிய இழைகள் ரத்தக்குழாயை ஆங்காங்கே மூடிவிடும். தட்டைச் சுற்றித் தீற்றல் போன்ற ரத்தக் கசிவுகள் வரும். இவ்வளவு ஆன பிறகும் பார்வைப் பலகையில் எல்லா வரியையும் நோயாளி படித்துவிடலாம். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

இருபதுகளில் ஒரு பெண் நினைவுக்கு வருகிறார். சில மாதங்களாகத் தலைவலி. ஓர் ஆண்டில் உடல் எடை நன்றாக ஏறியிருந்தது. வேறிடத்தில் கண்ணாடி மாற்றினார்கள், மைக்ரேன் மாத்திரை கொடுத்தார்கள், சாதாரண சி.டி. எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் வழிகாட்டியது. "கோலம் போடக் குனிஞ்சு நிமிரும்போது ரெண்டு கண்ணும் ஒரு நிமிஷம் இருட்டிக்கிட்டு வருது டாக்டர். அப்புறம் சரியாயிடுது." காதில் இதயத் துடிப்போடு 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். "அதை யார்கிட்டயும் சொல்லலையே" என்றார். இரு கண்ணிலும் தட்டு வீங்கியிருந்தது. மறுபடி எம்.ஆர்.ஐ.யும், மூளையின் சிரைக்குழாய்களைக் காட்டும் வீனோகிராமும் எடுத்தோம். கட்டியும் இல்லை, அடைப்பும் இல்லை. ஆனால் கேள்வியோடு பார்த்தபோது படம் நிறையச் சொன்னது. கண்ணின் பின்சுவர் தட்டையாகியிருந்தது. நரம்பைச் சுற்றிய உறையில் நீர் கோத்திருந்தது. பிட்யூட்டரி அழுந்திக் கிடந்தது. முதுகுத்தண்டில் நீர் எடுத்து அழுத்தத்தை அளந்தோம். 25 சென்டிமீட்டர் நீர்மட்டத்தைத் தாண்டினால் மிகை. அவருக்கு அதையும் வெகுவாகத் தாண்டியிருந்தது. மாத்திரையும் எடைக் குறைப்புமாக அவர் பார்வை காப்பாற்றப்பட்டது.

வீனோகிராமை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இதே தோற்றத்தோடு சிரைக்குழாயில் ரத்தம் உறைந்தும் வரலாம். பிள்ளை பெற்ற சில வாரங்களில் கடும் தலைவலியும் வலிப்புமாக வரும் பெண்களிடம் இது ஏற்படுவதை நம் நரம்பியல் வார்டுகள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. சாதாரண சி.டி.யில் இது எளிதில் தப்பிவிடும். வீங்கிய தட்டைக் கண்டு வீனோகிராம் என்று எழுதினால்தான் உயிரும் பார்வையும் தப்பும். பச்சை உடம்புக்காரியின் தலைவலியைக் குளிர்க்காற்று பட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

படங்களைப் பற்றிச் சொல்கிறேன். 1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டனின் விம்பிள்டன் பகுதியில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் முதல் நோயாளிக்குத் தலை சி.டி. எடுத்தார்கள். அதற்கு முன் மூளையின் அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்-ரே எடுத்தார்கள். நோயாளிக்கு அது பெரிய வேதனை. 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கிய காலம் அப்படிப்பட்டது. ஃபீல்டு வரைபடம் அந்தத் தலைமுறைக்கு உயிர்நாடியாக இருந்தது.

சி.டி. எலும்பை நன்றாகக் காட்டும். விபத்தில் எலும்புக் குழல் உடைந்து நரம்பு நசுங்கியதா, கட்டியில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, தைராய்டு நோயில் கண் தசைகள் தடித்திருக்கின்றனவா என்பதற்கெல்லாம் அதுவே போதும். நரம்பையே பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். அதிலும் வழக்கமான மூளை எம்.ஆர்.ஐ. போதாது. அதன் துண்டுப் படங்கள் 5 மில்லிமீட்டர் தடிப்பில் இருக்கும். பார்வை நரம்பின் குறுக்களவோ 3, 4 மில்லிமீட்டர்தான். ஒரு துண்டுக்குள்ளேயே நரம்பு ஒளிந்துகொள்ளும். இன்னொரு சிக்கல், கண்குழிக் கொழுப்பு. எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பு வெள்ளையாக ஒளிரும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏறிய அழற்சியும் வெள்ளையாக ஒளிரும். வெள்ளையடித்த சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதினால் என்ன தெரியும்? ஆகவே கொழுப்பின் ஒளியை அடக்கி, கான்ட்ராஸ்ட் கொடுத்து, 3 மில்லிமீட்டருக்கு மிகாத துண்டுகளாகக் கண்குழியை எடுக்கும்படி எழுத வேண்டும். 'மூளை எம்.ஆர்.ஐ., பார்வைக் குறைவு' என்று ஒரே வரி எழுதி அனுப்பினால் ஸ்கேன் நிலையத்தின் மேல் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. 'வலக்கண், பத்து நாளில் மங்கியது, அசைத்தால் வலி, டார்ச் பரிசோதனையில் வல நரம்பு பழுது, தட்டு இயல்பு' என்று எழுதுங்கள். ரேடியாலஜி மருத்துவர் அந்த நரம்பை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தேடுவார்.

கண்ணை அசைக்கும் நரம்புகளில், ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து ஓடவைப்பது மூன்றாம் நரம்பு. இமை தொங்கும், கண் வெளிப்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒதுங்கும். இமையைத் தூக்கிக் கண்மணியைப் பாருங்கள். கண்மணியைச் சுருக்கும் இழைகள் இந்த நரம்பின் மேற்பரப்பில் போகின்றன. மூளையின் ரத்தக்குழாய் ஒன்று புடைத்து வெளியிலிருந்து அழுத்தினால் முதலில் அடிபடுவது அவைதான். கண்மணி விரிந்து நிற்கும். அந்தப் புடைப்பு எந்த நேரமும் வெடிக்கலாம். அன்றே, அந்த மணி நேரத்திலேயே சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும். சுகர் நோயில் நரம்பின் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் அடைபடுவதால் மேற்பரப்பு பெரும்பாலும் தப்பும். கண்மணி சரியாக இருக்கும். மூன்று மாதத்தில் பெரும்பாலும் தானே தேறும். இரண்டிலும் வலி வரலாம், வலியை வைத்துப் பிரிக்க முடியாது. நரம்பு முழுதாகச் செயலிழக்காமல் பாதி மட்டும் பலவீனமாக இருந்தால், கண்மணி சரியாக இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளவும் கூடாது. "சுகர் இருக்கு, அதான் இமை விழுந்திடுச்சு" என்று பார்க்காமலே முடிவு கட்டுவது உயிரோடு விளையாடுவது.

ஆறாம் நரம்பு பற்றி ஒரு சொல். மண்டைக்குள் எங்கே அழுத்தம் ஏறினாலும் அது இழுபட்டுச் செயலிழக்கலாம். நோய் இருக்கும் இடத்தை அது காட்டாது. அழுத்தம் இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். இமையும் பார்வையும் காலையில் சரியாக இருந்து மாலையில் தளர்ந்தால் நரம்பையும் தசையையும் இணைக்கும் இடத்தில் வரும் மயஸ்தீனியா. கையுறைக்குள் ஐஸ் துண்டு போட்டு, மூடிய இமை மேல் இரண்டு நிமிடம் வையுங்கள். தொங்கிய இமை கண்முன்னே உயர்ந்தால் ஏறக்குறைய உறுதி. நோயைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவைப்படாது. நெஞ்சுக்கூட்டில் தைமஸ் சுரப்பி எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் பின்னர் சி.டி.

எந்த ஸ்கேனும் காட்டாத ஒரு நோயையும் சொல்ல வேண்டும். காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகுக்கு நிரூபித்தது, 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம். நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி அது. அந்தக் கூட்டு மாத்திரையில் இருக்கும் எதாம்ப்யூட்டால், சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். இப்போதைய தினசரி முறையில் அது ஆறு மாதமும் தொடர்கிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து கூடுதல், ஏனென்றால் மருந்து அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இரு கண்ணிலும் மெல்லத் தொடங்கும். வலி இருக்காது. சிவப்பும் பச்சையும் மங்கும். நடுப்பார்வை கலங்கும். நரம்புத் தட்டு முதலில் இயல்பாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் இயல்பு என்றே வரும். "டி.பி. மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்ற கேள்வியும், நிற அட்டையும், ஃபீல்டு டெஸ்ட்டும்தான் கண்டுபிடிக்கும். நேரத்தில் அந்த ஒரு மருந்தை நிறுத்தினால் பலருக்குப் பார்வை மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும். ஆனால் யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருந்து தரும் மையத்திலேயே சொல்ல வேண்டும். தொடங்கும் முன்பு பார்வையையும் நிறத்தையும் ஒருமுறை அளந்து அட்டையில் குறித்துவைத்தால், பிறகு ஒப்பிட ஓர் ஆதாரம் இருக்கும்.

நரம்பு அழற்சியில் படத்துக்கு இன்று பெரிய இடம் உண்டு. அமெரிக்காவில் 15 மையங்களில் 457 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1992இல் வந்தது. ஸ்டீராய்டை ஊசியாக ஏற்றினால் பார்வை விரைவில் தேறும். வெறும் மாத்திரையாக வழக்கமான அளவில் கொடுத்தால் நோய் மீண்டும் மீண்டும் வர வாய்ப்பு கூடும். அந்த ஆய்வின் நோயாளிகளைப் போன்றவர்கள் மட்டுமே நம்மிடம் வருவதில்லை. 2004இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் அழற்சியின் இன்னொரு வகையை ரத்தத்தில் உள்ள ஓர் எதிர்ப்பொருளைக் கொண்டு கண்டறியும் பரிசோதனையைக் கண்டுபிடித்தார்கள். அந்த வகை, பார்வையையும் தண்டுவடத்தையும் சேர்த்துத் தாக்கும். தாமதித்தால் கண் திரும்பாது. எம்.ஆர்.ஐ.யில் நரம்பின் பாதி நீளத்துக்கு மேல், அதிலும் பின்பகுதியும் சந்திப்பும் ஒளிர்ந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். முன்பகுதி நீளமாக, உறையோடு சேர்ந்து ஒளிர்ந்து, தட்டும் வீங்கியிருந்தால் வேறொரு எதிர்ப்பொருளைத் தேட வேண்டும். இங்கே எங்கே ஒளிர்கிறது என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. கண்குழியை மெல்லிய துண்டுகளாக எடுக்கச் சொல்லாதவருக்கு இந்தச் செய்தி கிடைக்காது.

கண் மருத்துவமனைகளில் இப்போது எல்லோரும் எடுக்கும் ஓ.சி.டி.யும் ஒரு படம்தான். 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து வந்த ஆய்வு அதைத் தொடங்கிவைத்தது. ஒளியைக் கொண்டே விழித்திரையின் அடுக்குகளை ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறது. தட்டைச் சுற்றிய நரம்பிழை அடுக்கின் சராசரித் தடிப்பு, நலமான கண்ணில் 100 மைக்ரான் அளவில் இருக்கும். நரம்பு பழுதானால் அது மெலியும். ஆனால் மெலிய வாரக்கணக்கில் ஆகும். பார்வை போன மூன்றாம் நாள் எடுத்து இயல்பு என்று அனுப்பிவிடக் கூடாது. பிட்யூட்டரிக் கட்டிக்கு அறுவை செய்யும் முன் எடுத்து, அடுக்கு இன்னும் தடிப்பாக இருந்தால், பார்வை திரும்பும் என்று குடும்பத்தாருக்கு நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. அது எனக்கு மிகவும் பிடித்த பயன்.

கடைசியாக, அவசரப் பிரிவு. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில், தலைவலி, பார்வை மாற்றம், மிகை ரத்த அழுத்தம் போன்றவற்றோடு அவசரப் பிரிவுக்கு வந்த 350 பேரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. சொட்டு மருந்தே விடாமல் கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கும் கேமராவில் எல்லோருக்கும் படம் எடுத்தார்கள். 13 விழுக்காட்டினரிடம் சிகிச்சையை மாற்றக்கூடிய குறிகள் தெரிந்தன. பணியிலிருந்த மருத்துவர்கள் ஆஃப்தல்மாஸ்கோப்பால் பார்த்திருந்தது 14 விழுக்காட்டினரை மட்டுமே. படமெடுத்தவர்கள் கண் மருத்துவர்கள் அல்லர், குறுகிய பயிற்சி பெற்ற செவிலியர்கள். பரிசோதனையும் படமும் ஒன்றாகிவிடும் இடம் இது. சுகர் நோயாளிகளின் விழித்திரையைப் பார்க்க இதே போன்ற கேமராக்கள் நம் மருத்துவமனைகள் பலவற்றில் ஏற்கனவே இருக்கின்றன. படத்தைத் தொலைவில் உள்ள கண் மருத்துவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும் வழக்கமும் நமக்குப் புதிதல்ல. நீடித்த தலைவலியோடு வருகிறவரை, பிள்ளை பெற்றபின் தலை வலிக்கிறது என்று வருகிற பெண்ணை, கண்ணாடி எண்ணை மாற்றி அனுப்புவதற்கு முன் அந்தக் கேமராவின் முன் உட்காரவையுங்கள். இரு கண்ணுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும். தட்டு வீங்கியிருந்தால் அன்றே எம்.ஆர்.ஐ.க்கும் வீனோகிராமுக்கும் எழுதுங்கள், எதற்காக என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.